சுண்டெலிக் கட்டிகளில் மரபணு மாற்றத்தைப் படிப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவைச் சுவாசித்த சுண்டெலிகளின் நுரையீரலில் வந்த 23 கட்டிகளை ஆராய்ந்தார்கள். இருபத்து மூன்றிலும் கே-ராஸ் என்ற மரபணு மாறியிருந்தது. இந்த ஒரு வரியைப் படித்ததும் "வாயுதான் மரபணுவை மாற்றியது" என்று முடிவுகட்டத் தோன்றும். முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை வைத்து அதைச் சொல்ல முடியாது. சுத்தமான காற்றை மட்டுமே சுவாசித்த சுண்டெலிகளுக்கும் நுரையீரல் கட்டி வருகிறது. அவற்றிலும் கே-ராஸ் மாறுகிறது. அங்கே எத்தனை, டிஎன்ஏவின் எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியது என்று தெரிந்த பிறகுதான் "23-க்கு 23" பேசத் தொடங்கும்.

முதுகலை உயிரியல், உயிர்தொழில்நுட்பம், நச்சியல் படிப்பவர்களையும், இதழ்களுக்கு அறிவியல் எழுதுபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தத் துறையின் மூலத் தரவுகள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வகம் இல்லாதவரும் நேரடியாக எடுத்துப் படிக்கலாம், கணக்குப் போட்டும் பார்க்கலாம். வரிசையாகப் போவோம்.

படி 1: பரிசோதனை எப்படி நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் துறையில் நீங்கள் எடுக்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்துக்கு இட்டுச் செல்லும்: அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம். 1978-ல் தொடங்கியது, வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனத்திலிருந்து இயங்குகிறது. ஒரு வேதிப்பொருளைச் சோதித்து முடித்ததும் எண்ணிட்ட தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை வெளியிடுவார்கள். எத்திலீன் ஆக்சைடு அறிக்கையின் எண் 326, வெளிவந்த ஆண்டு 1987. பியூட்டாடையீனுக்கு இரண்டு அறிக்கைகள்: 288, 434. குளோரோபிரீன் 467, கியூமீன் 542, கோபால்ட் உலோகம் 581. இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொண்டால் தேடுவது எளிது.

சுவாசப் பரிசோதனையின் வழக்கமான அமைப்பு இது. ஒரு குழுவில் 50 ஆண், 50 பெண். நாளுக்கு 6 மணி நேரம், வாரத்தில் 5 நாள், ஏறக்குறைய இரண்டு ஆண்டு. சுத்தக் காற்றுக் குழுவையும் அதே மாதிரிக் கூண்டறைகளில்தான் வைப்பார்கள்; வடிகட்டிய காற்று மட்டும் போகும். இடமும் சத்தமும் கையாளும் விதமும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிடுவதற்குப் பொருள் உண்டு.

சுண்டெலியின் இனத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் பி6சி3எஃப்1. சி57பிஎல்/6 தாய்க்கும் சி3ஹெச் தந்தைக்கும் பிறந்த முதல் தலைமுறைக் கலப்பு. ஒவ்வொரு விலங்கும் மரபளவில் ஏறக்குறைய ஒன்றே. இதில் ஒரு நன்மை, ஒரு சிக்கல். மரபு வேறுபாட்டால் வரும் குழப்பம் இல்லை என்பது நன்மை. அந்தக் கலப்புக்கே உரிய பலவீனங்கள் எல்லா விலங்கிலும் இருக்கும் என்பது சிக்கல். பி6சி3எஃப்1 ஆண்களுக்குக் கல்லீரல் கட்டி தானாகவே மிகுதியாக வரும். சி3ஹெச் தந்தைவழி வந்த குணம் அது.

அறிக்கையின் முடிவுரையில் சான்றின் வலிமையை ஐந்து வகையாகச் சொல்லியிருப்பார்கள்: தெளிவான சான்று, ஓரளவு சான்று, ஐயத்துக்குரிய சான்று, சான்றில்லை, பரிசோதனை போதாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே தீர்ப்பு இருக்கும். மரபணுக் கட்டுரையைத் திறக்குமுன் இந்தத் தீர்ப்பைப் பார்த்துவிடுங்கள். வேதிப்பொருளால் கட்டி கூடியதா இல்லையா என்பது மரபணு வரிசையைப் பார்ப்பதற்கு முன்பே, நுண்ணோக்கியின் கீழ் எண்ணி முடிந்துவிட்ட கேள்வி.

படி 2: சுத்தக் காற்றுக் குழுவின் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் அதிகச் செறிவுக் குழுவின் நெடுவரிசைக்குத்தான் முதலில் தாவுகிறார்கள். இடமிருந்து படியுங்கள். சுழியம் என்று எழுதியிருக்கும் நெடுவரிசைதான் உங்கள் அளவுகோல்.

எத்திலீன் ஆக்சைடு அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். செறிவுகள் 0, 50, 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு என்பது). நுரையீரலின் நுண்ணறை, நுண்குழல் பகுதிகளில் வரும் கட்டிகளை, தீங்கற்றதையும் புற்றையும் சேர்த்து, எண்ணினால் ஆண்களில் 50-க்கு 11, 50-க்கு 19, 49-க்கு 26. பெண்களில் 49-க்கு 2, 48-க்கு 5, 49-க்கு 22.

இந்த ஆறு எண்களோடு கொஞ்ச நேரம் இருங்கள். ஆண்களில் எந்த வாயுவும் இல்லாமலே 11 விலங்குகளுக்குக் கட்டி வந்திருக்கிறது. அப்படியானால் 100 பிபிஎம் குழுவின் 26-லும் ஏறத்தாழ 11 எப்படியும் வந்திருக்கக்கூடியவை. பெண்களில் நிலைமை வேறு: 22-ல் 2 மட்டுமே எப்படியும் வந்திருக்கும், மீதி இருபது வாயுவின் கணக்கில் சேரும். ஆக "வாயுவைச் சுவாசித்த சுண்டெலியின் கட்டி" என்று ஒரு கட்டுரை சொன்னால் அது ஒரு கலவை. ஆண்களின் கட்டிகளில் தானாக வந்தவற்றின் பங்கு கணிசமானது. பெண்களின் கட்டிகளில் மிகக் குறைவு. கட்டுரையில் ஆய்ந்த கட்டிகளில் எத்தனை ஆணுடையவை, எத்தனை பெண்ணுடையவை என்று தேடிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டி வீதத்தைப் பார்த்தாயிற்று. அடுத்து, தானாக வந்த கட்டிகளில் மரபணு எப்படி இருக்கிறது? இதற்கும் ஒரு பின்னணி உண்டு. பி6சி3எஃப்1 சுண்டெலியில் தானாக வரும் நுரையீரல் கட்டிகளில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கே-ராஸ் மாறியிருக்கும். தானாக வரும் கல்லீரல் கட்டிகளில், கே-ராஸின் உறவு மரபணுவான ஹெச்-ராஸின் 61-ஆம் கோடான் (மூன்றெழுத்துத் தொகுதி) அடிக்கடி மாறியிருக்கும், பாதிக்கு அருகில். எனவே கல்லீரல் கட்டியில் ஹெச்-ராஸ் 61 மாறியிருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்தால் அதில் புதிதாக எதுவும் இல்லை.

படி 3: டிஎன்ஏ எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

இந்தக் கட்டிகள் பெரும்பாலும் ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகுக் கட்டிகளில் பதித்து வைக்கப்பட்டவை. தேசிய நச்சியல் திட்டத்தின் காப்பகத்தில் பல பத்தாண்டுகளின் மெழுகுக் கட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் இருக்கின்றன. 1987-ல் அறிக்கை வந்த எத்திலீன் ஆக்சைடின் கட்டிகளை எடுத்து மரபணு ஆய்வு வெளியிட்டது 2007-ல். இருபது ஆண்டு காத்திருந்த திசு ஒரு புதிய கேள்விக்கு விடை தந்தது. விலங்குப் பரிசோதனை செய்பவர்கள் அனைவரும் இப்படிச் சேமிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மீண்டும் நூற்றுக்கணக்கான விலங்குகளைக் கொல்லாமல் புதிய கேள்வி கேட்க இதைவிட நல்ல வழியில்லை.

ஃபார்மலினுக்கு ஒரு தீமை உண்டு. அது டிஎன்ஏவைத் துண்டாக்குகிறது. சைட்டோசைன் காரத்தின் அமைன் தொகுதி கழன்றுபோய், வரிசைப்படுத்தும்போது சி இருந்த இடம் டி போலத் தெரியும். திசுவில் இல்லாத மாற்றம் ஒன்று இப்படிப் பொய்யாக முளைக்கும். ஒரு கட்டுரையில் சி-யிலிருந்து டி, அல்லது எதிர் இழையில் ஜி-யிலிருந்து ஏ மாற்றங்கள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருந்தால் மூன்றைத் தேடுங்கள்: அதே மெழுகுக் கட்டியிலிருந்து தனியாக மறுபடி டிஎன்ஏ எடுத்து உறுதிசெய்தார்களா? இரு இழைகளையும் வரிசைப்படுத்தினார்களா? பக்கத்திலுள்ள இயல்பான நுரையீரல் திசுவையும் பார்த்தார்களா? மூன்றும் இருந்தால் நம்பிப் படிக்கலாம்.

பெரும்பாலான பழைய ஆய்வுகள் முழு மரபணுவையும் பார்க்கவில்லை. பிசிஆர் முறையில் கோடான்கள் 12, 13 உள்ள பகுதியையும் 61 உள்ள பகுதியையும் மட்டும் பெருக்கிப் பார்த்தார்கள். "மாற்றமில்லை" என்று அட்டவணையில் இருந்தால் "பார்த்த இடத்தில் மாற்றமில்லை" என்று படியுங்கள். இன்னொன்று: மரபணுவின் துண்டுகளை எக்ஸான் என்பார்கள்; பழைய கட்டுரைகள் அந்த இரு பகுதிகளையும் எக்ஸான் 1, எக்ஸான் 2 என்று சொல்லும், இன்றைய தரவுத்தளங்கள் புரதத்துக்குக் குறியீடு தராத முதல் எக்ஸானையும் சேர்த்து எண்ணுவதால் அவையே எக்ஸான் 2, எக்ஸான் 3 ஆகிவிடும். கோடான் எண் மாறாது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எத்தனை என்று மட்டுமல்ல, எந்த எழுத்து எந்த எழுத்தானது என்றும் பாருங்கள்

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் ஏ, ஜி, சி, டி. மூன்று எழுத்து சேர்ந்து ஒரு கோடான், ஒரு கோடானுக்கு ஓர் அமினோ அமிலம். சுண்டெலியின் கே-ராஸில் 12-ஆம் கோடான் ஜிஜிடி, கிளைசின். 13-ஆம் கோடான் ஜிஜிசி, அதுவும் கிளைசின். 61-ஆம் கோடான் சிஏஏ, குளூட்டமின். இந்த மூன்று இடங்களில் ஒன்று பழுதானால் ராஸ் புரதம் "வளர்" என்ற சைகையை நிறுத்தத் தெரியாத நிலைக்குப் போகிறது.

ஒவ்வொரு இடத்திலும் பல மாற்றங்கள் சாத்தியம். ஜிஜிடி என்பது ஜிஏடி ஆகலாம், ஜிடிடி ஆகலாம், இன்னும் சில. எது ஆனது என்பதில்தான் வேதியியல் தடயம் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் வந்த டெட்ராநைட்ரோமீத்தேன் ஆய்வு இதற்கு முன்னோடி. அந்த ஆவியைச் சுவாசித்த எலிகளிலும் சுண்டெலிகளிலும் வந்த நுரையீரல் கட்டிகளில், கே-ராஸ் மாறியிருந்த இடத்திலெல்லாம் ஜிஜிடி, ஜிஏடி ஆகியிருந்தது. இரண்டு விலங்கினத்தில் ஒரே எழுத்துப் பிழை திரும்பத் திரும்ப வந்தது பலரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இழை. டிஎன்ஏவுக்கு இரண்டு இழை. ஒன்றில் ஜி, டி ஆனால் எதிரிழையில் சி, ஏ ஆகும். பழைய கட்டுரைகள் மரபணுவின் குறியீட்டு இழையைச் சொல்லும். புதிய மரபணுத்தொகுதி ஆய்வுகள் எப்போதும் சி அல்லது டி இருக்கும் இழையின் பக்கமிருந்து சொல்லும். ஆகவே ஜிஜிடி ஜிடிடி ஆனது என்ற பழைய செய்தி, புதிய படத்தில் சி-யிலிருந்து ஏ என்ற நிறத்தில் வரும். சிஏஏ சிடிஏ ஆனது, டி-யிலிருந்து ஏ என்ற நிறத்தில் வரும். இரண்டும் ஒன்றே.

இரண்டாவது எச்சரிக்கை ஆழமானது. நாம் கட்டியில் காண்பது வேதிப்பொருள் செய்த எல்லா மாற்றங்களையும் அல்ல; செல்லை வளரவைத்த மாற்றத்தை மட்டும். வாயு ஆயிரம் இடத்தில் பழுது செய்திருக்கலாம். அவற்றில் கே-ராஸ் 12-லோ 61-லோ விழுந்து, புரதத்தைச் சரியான விதத்தில் கெடுத்த ஒன்றே பெருகிக் கட்டியாகிறது. கே-ராஸ் என்பது மிகக் குறுகிய சாளரம். அதன் வழியே தெரிவதை வைத்து வேதிப்பொருளின் முழு இயல்பையும் எழுதிவிடக் கூடாது.

படி 5: எத்திலீன் ஆக்சைடை முழுதாகச் செய்து பாருங்கள்

இப்போது 23-க்கு 23-க்குத் திரும்புவோம். மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யவும் வேதித் தொழிலில் மூலப்பொருளாகவும் பயன்படும் வாயு இது. உடலுக்குள் வேறொன்றாக மாறத் தேவையில்லாமல் நேரடியாகவே டிஎன்ஏவுடன் வினைபுரியும். அது அதிகம் ஒட்டுவது குவானைன் காரத்தில்.

ஒப்பிடுவதற்கு ஆய்வாளர்கள் எடுத்தது தானாக வந்த 108 நுரையீரல் கட்டிகள். அவற்றில் 27-ல் கே-ராஸ் மாறியிருந்தது, 25 சதவீதம். இந்த இடத்தில் படி 2-ன் எண்களை எடுத்துப் பாருங்கள். எத்திலீன் ஆக்சைடு பரிசோதனையின் சுத்தக் காற்றுக் குழுவில் நுரையீரல் கட்டி வந்தவை ஆண் 11, பெண் 2, மொத்தம் 13. அப்படியானால் 108 கட்டிகள் அந்த ஒரு பரிசோதனையிலிருந்து வந்திருக்க முடியாது. வெவ்வேறு பரிசோதனைகளின் சுத்தக் காற்றுக் குழுக்களைச் சேர்த்த தொகுப்பு. இதில் தவறில்லை. எண்ணிக்கை பெருகுவதால் அளவுகோல் உறுதியாகிறது. ஆனால் தீவனம், ஆண்டு, ஆய்வகம் மாறியிருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு கட்டுரையிலும் இப்படிக் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்.

அடுத்து நம்பிக்கை இடைவெளி. 108-க்கு 27 என்றால், 95 சதவீத நம்பிக்கையில் உண்மையான விகிதம் சுமார் 17-க்கும் 34-க்கும் இடையில் இருக்கும். 23-க்கு 23 என்றால் சுமார் 85-க்கும் 100-க்கும் இடையில். இரண்டு இடைவெளியும் தொடக்கூட இல்லை. இரண்டு விகிதங்களின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் ஃபிஷர் துல்லியச் சோதனையை எந்த இலவசப் புள்ளியியல் மென்பொருளிலும் போட்டுப் பாருங்கள். தற்செயலுக்கு இடமில்லை என்று வரும்.

எண்ணிக்கையைவிட எழுத்து இன்னும் உரக்கப் பேசுகிறது. 12-ஆம் கோடானில் ஜி, டி ஆகி ஜிஜிடி என்பது ஜிடிடி ஆன மாற்றம், எத்திலீன் ஆக்சைடு கட்டிகள் 23-ல் 21-ல் இருந்தது. தானாக வந்த 108-ல் ஒன்றே ஒன்றில். இங்கே வகுக்கும் எண்ணைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். "எல்லாக் கட்டிகளிலும்" என்று கேட்டால் 108-க்கு 1. "கே-ராஸ் மாறிய கட்டிகளில்" என்று கேட்டால் 27-க்கு 1. முதலாவது அந்த மாற்றம் எவ்வளவு அரிது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, மாற்றம் நடந்தபோது அது எந்த வகை என்பதைச் சொல்கிறது. இரண்டு வெவ்வேறு கேள்வி. கட்டுரைகளில் இரண்டும் சில நேரம் ஒரே பத்தியில் கலந்து வரும். நீங்கள் கலக்காதீர்கள்.

இன்னொரு முடிச்சு. ஆண்களில் கணிசமான கட்டிகள் எப்படியும் வந்திருக்கும் என்று பார்த்தோம். அப்படித் தானாக வந்தவற்றில் நான்கில் மூன்று பங்குக்குக் கே-ராஸ் மாற்றம் இருந்திருக்கக் கூடாது. பிறகு எப்படி 23-ம் மாறியிருக்கிறது? ஆய்ந்த கட்டிகளில் தானாக வந்தவை குறைவாக இருந்திருக்கலாம். அல்லது கே-ராஸ் மாறிய செல்கள் வேகமாக வளர்ந்து மற்றவற்றை முந்தியிருக்கலாம். 23 கட்டியை வைத்து இதைப் பிரிக்க முடியாது. கட்டுரை தராத விடையை நாமே எழுதிக்கொள்ளாமல், கேள்வியைக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்வதே நல்ல வாசிப்பு.

அதே ஆய்வில் இன்னோர் உறுப்பும் உண்டு: ஹார்டீரியன் சுரப்பி. சுண்டெலியின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும், மனிதருக்கு இல்லை. எத்திலீன் ஆக்சைடு குழுவில் அந்தக் கட்டிகள் 21-ல் 18-ல் கே-ராஸ் மாற்றம், தானாக வந்த 27-ல் 2-ல். மனிதருக்கு இல்லாத உறுப்பு என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காற்று நேரடியாகத் தொடும் நுரையீரலைத் தாண்டி, வேறோர் உறுப்பிலும் அதே மரபணு மாறியிருக்கிறது. வாயு இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது என்பதோடு இது பொருந்திப்போகிறது.

படி 6: உறவுக்காரப் பொருள்களை அருகருகே வையுங்கள்

ஒரு வேதிப்பொருளைத் தனியாகப் படிப்பதைவிட, அமைப்பில் நெருங்கிய இரண்டு மூன்றைச் சேர்த்துப் படித்தால் நிறையத் தெரியும். இதற்கு ரப்பர்த் தொழிலின் மூன்று மூலப்பொருள்கள் மிகப் பொருத்தம்: பியூட்டாடையீன், அதோடு ஒரு குளோரின் சேர்ந்த குளோரோபிரீன், ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்த ஐசோபிரீன். முதலாவது டயர் ரப்பருக்கு, இரண்டாவது நியோபிரீனுக்கு, மூன்றாவது செயற்கை ரப்பருக்கு. ஐசோபிரீனை மரங்களும் வெளிவிடுகின்றன.

பியூட்டாடையீனின் கதை கடுமையானது. முதல் பரிசோதனையில் செறிவுகள் 625, 1250 பிபிஎம். இரண்டு ஆண்டு நடக்க வேண்டியதை 60, 61 வாரத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நிணநீர்ப் புற்று வந்து சுண்டெலிகள் அவ்வளவு வேகமாக இறந்தன. இரண்டாவது பரிசோதனையில் 6.25 பிபிஎம் வரை இறங்கினார்கள். அந்தச் செறிவிலும் பெண் சுண்டெலிகளின் நுரையீரல் கட்டி கூடியது. அமெரிக்கத் தொழிலிட வரம்பு அந்நாளில் 1000 பிபிஎம். 1996-ல் அது 1 பிபிஎம்முக்குக் குறைக்கப்பட்டது. இந்த எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது, சுண்டெலிகள் தந்த தகவல் எத்தனை தொழிலாளர்களின் மூச்சோடு தொடர்புடையது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கிறது.

பியூட்டாடையீன் கட்டிகளில் அடிக்கடி வந்த மாற்றம் கே-ராஸ் 13-ஆம் கோடானில் ஜிஜிசி என்பது சிஜிசி ஆனது. அது நுரையீரலில் மட்டுமல்லாமல் கல்லீரலிலும் நிணநீர்ப் புற்றிலும் தென்பட்டது. குளோரோபிரீனில் படம் வேறு. நுரையீரல் கட்டிகளில் 80 சதவீதத்தில் கே-ராஸ் மாறியிருந்தது, ஒப்பிட்ட தானாக வந்த கட்டிகளில் 30 சதவீதம். ஆனால் முன்னணி மாற்றம் 61-ஆம் கோடானில் சிஏஏ சிடிஏ ஆனது. ஐசோபிரீனைச் சுவாசித்த சுண்டெலிகளின் ஹார்டீரியன் சுரப்பிக் கட்டிகளிலும் அதே சிடிஏ. ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். ஆனால் இரண்டு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். மூன்றுமே உடலுக்குள் எபாக்சைடு என்ற வினைத்திறன் மிக்க பொருளாக மாறித்தான் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. எந்த எபாக்சைடு, எந்தக் காரத்தில் ஒட்டுகிறது என்பதில் வேறுபாடு இருக்கிறது.

குளோரோபிரீனில் இன்னொரு பாடம்: சிடிஏ மாற்றம் அதிகபட்சச் செறிவான 80 பிபிஎம்மைவிடக் குறைந்த செறிவுகளில்தான் மிகுந்திருந்தது. செறிவு கூடினால் மாற்றமும் நேர்கோட்டில் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாச் செறிவுகளையும் ஒரே குவியலாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் படாது. குழுவாரியாகப் பிரித்த அட்டவணையைத் தேடுங்கள்.

பியூட்டாடையீனால் எலி சுண்டெலியைவிடக் குறைவாகப் பாதிக்கப்படுவது ஏன் என்ற கேள்வியும் இங்கே வரும். பியூட்டாடையீனிலிருந்து உருவாகும் டையெபாக்சிபியூட்டேன் சுண்டெலியின் இரத்தத்தில் எலியைவிடப் பல மடங்கு சேர்கிறது. ஒரே காற்று, வேறு கல்லீரல்.

படி 7: சிறிய எண்களிடமும் மௌனமான மரபணுக்களிடமும் ஏமாறாதீர்கள்

கியூமீன் ஆய்வில் 52 நுரையீரல் கட்டிகளில் 45-ல் கே-ராஸ் மாற்றம், 27-ல் கட்டியைத் தடுக்கும் மரபணுவான பி53-ல் மாற்றம். ஒப்பீட்டில் தானாக வந்த கட்டிகள் 7 மட்டும். ஒன்றில் கே-ராஸ், எதிலும் பி53 இல்லை. கட்டுரையில் இது 87 எதிர் 14 சதவீதம் என்று வரும். அந்த 14-ஐ நம்பி எடுத்துச் செல்லாதீர்கள். 7-க்கு 1 என்பதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.4 முதல் 58 வரை நீளும். வேறுபாடு உண்மையானதுதான், 45 என்ற பக்கம் அவ்வளவு உறுதி. ஆனால் தானாக வந்த கட்டியின் விகிதம் என்று எங்காவது எழுத வேண்டுமானால், 7-லிருந்து அல்ல, 108 போன்ற பெரிய தொகுப்பிலிருந்து எடுங்கள்.

மறுபக்கம் மெத்திலீன் குளோரைடு. 2000, 4000 பிபிஎம் சுவாசித்த ஆண் சுண்டெலிகளின் நுரையீரல் கட்டி 50-க்கு 5 என்பதிலிருந்து 27, பிறகு 40 என்று ஏறியது. பெண்களிலும் அப்படியே. தெளிவான சான்று என்று 1986 அறிக்கை தீர்ப்பளித்தது. கட்டிகளில் கே-ராஸையும் ஹெச்-ராஸையும் பார்த்தபோதோ, தானாக வந்தவற்றிலிருந்து பிரித்துச் சொல்லும்படியான வடிவம் எதுவும் கிடைக்கவில்லை. இதை வைத்து வேதிப்பொருள் குற்றமற்றது என்று எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வரும் சறுக்கல் இது. ஐந்து, நாற்பது ஆனது நடந்த உண்மை. ராஸ் மரபணுவில் தடயம் இல்லை என்பது வழி வேறு என்பதை மட்டுமே சொல்லும்.

படி 8: முழு மரபணுத்தொகுதிக்கு நகருங்கள்

மேலே சொன்ன எல்லாமே ஓரிரு மரபணுக்களின் சாளரம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் அல்லது உண்டாக்கலாம் என்று கருதப்படும் 20 பொருள்களுக்கு உட்படுத்தப்பட்ட சுண்டெலிகளின் 181 கட்டிகளை முழுமையாக வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு எழுத்து மாற்றத்தையும் அதன் இடப்பக்க, வலப்பக்க எழுத்துகளோடு சேர்த்தால் 96 வகை வரும். எந்த வகை எவ்வளவு என்று பட்டைப்படமாகப் போட்டால் கிடைப்பதைத்தான் மாற்றக் கையொப்பம் என்கிறார்கள்.

முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பெரும்பாலான பொருள்கள் தனிக் கையொப்பம் விடவில்லை. மொத்த மாற்ற எண்ணிக்கையையும் கூட்டவில்லை. கட்டியை வளரவைத்த மாற்றங்கள் உட்பட பெரும்பாலானவை அந்தந்தத் திசுவில் இயல்பாக நடக்கும் நிகழ்வுகளால் வந்தவை. தெளிவான கையொப்பம் விட்டவற்றில் இரண்டு, கோபால்ட்டும் வினிலிடீன் குளோரைடும். மூன்றாவது 1,2,3-டிரைகுளோரோபுரோபேன், குடிநீரில் கலக்கும் மாசு. அதை, மனிதக் கட்டிகளில் கண்டு எண்ணிட்ட கையொப்பங்களான எஸ்பிஎஸ்19, எஸ்பிஎஸ்42 ஆகியவற்றோடு இணைத்தார்கள்.

படி 2-ன் பாடம் இங்கே பெரிய அளவில் திரும்ப வருகிறது. திசுவின் சொந்தப் பின்னணி அவ்வளவு வலியது. அதே நேரம், வேதிப்பொருள் மரபணுவை நேரடியாக மாற்றாமலே, ஏற்கெனவே மாறியிருக்கும் செல்லை வளரவிட்டும் கட்டியைக் கூட்டலாம் என்ற வாசல் திறக்கிறது. இனிமேல் வரும் ஆய்வுகளை இந்த இரண்டு வாசலையும் திறந்துவைத்துப் படியுங்கள்.

படி 9: மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்

சுண்டெலியின் கே-ராஸ் 12-ஆம் கோடானும் மனிதரின் கே-ராஸ் 12-ஆம் கோடானும் ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன; மனித நுரையீரல் புற்றிலும் அந்த இடம் அடிக்கடி மாறுகிறது. இது ஒப்பிடுவதற்கு நியாயம் தருகிறது. ஆனால் மெத்திலீன் குளோரைடை வினைத்திறனுள்ள பொருளாக்கும் குளூட்டதயோன் நொதிவழி சுண்டெலியின் நுரையீரலிலும் கல்லீரலிலும் மனிதரைவிட மிகுதி. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே மூன்றைக் கேளுங்கள்: அந்த வளர்சிதைமாற்ற வழி மனிதரிடம் உண்டா, எவ்வளவு வேகம், தொழிலாளர்கள் உண்மையில் சுவாசித்த செறிவு என்ன.

விடை கிடைத்த ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் இளம் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்று வந்தது. அச்சு இயந்திரத்தைத் துடைக்கப் பயன்படுத்திய கரைப்பானில் 1,2-டைகுளோரோபுரோபேன் இருந்தது. 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் சேர்த்தது. அவர்களுடைய கட்டிகளில்தான் எஸ்பிஎஸ்42 முதலில் தெரியவந்தது. படி 8-ல் பார்த்த 1,2,3-டிரைகுளோரோபுரோபேன் சுண்டெலிக் கட்டியின் பட்டைப்படத்தையும் அந்தத் தொழிலாளர்களின் பட்டைப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க இன்று யாராலும் முடியும்.

தொடங்க விரும்புபவருக்கு என் பரிந்துரை: எத்திலீன் ஆக்சைடு அறிக்கை 326-ஐ இறக்கிக்கொண்டு நுரையீரல் அட்டவணையை மட்டும் ஒரு தாளில் கையால் எழுதுங்கள், சுழியம் நெடுவரிசை முதலில். அதன் கீழே 2007 ஆய்வின் நான்கு எண்களை எழுதுங்கள்: 23, 21, 108, 1. ஃபிஷர் சோதனையை நீங்களே போடுங்கள். பிறகு குளோரோபிரீன் அறிக்கை 467-ஐ எடுத்து, யார் உதவியும் இல்லாமல் அதே தாளை இன்னொரு முறை நிரப்புங்கள்.